ஆற்றை இடம் மாற்றிய ஊர்

வறட்சியில் தண்ணீரைப் பங்கிடுவதில் உலகுக்கே முன்மாதிரியான வலென்சியா, வெள்ளத்தின் முன்னால் தடுமாறியது ஏன்?

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டி இருக்கிறது வலென்சியா. மாட்ரிட், பார்சிலோனாவுக்கு அடுத்து அந்த நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். பழைய ஊரின் வடக்கு வாசலான செர்ரானோஸ் கோபுரங்களைத் தாண்டினால் ஒரு கல் பாலம் வரும். அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தால் தண்ணீர் தெரியாது. மரங்கள், சைக்கிள் பாதைகள், பந்து விளையாடும் பிள்ளைகள் என்று ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு ஒரு பூங்கா நகரை வளைத்துக்கொண்டு கிடக்கிறது. இருபுறமும் கரைச்சுவர் உண்டு, குறுக்கே பல நூற்றாண்டுப் பாலங்கள் உண்டு. ஆறு மட்டும் இல்லை. துரியா என்ற அந்த ஆறு இப்போது ஊருக்குத் தெற்கே, புதிதாக வெட்டிய தடத்தில் கடலுக்குப் போகிறது.

தன்னை வாழவைத்த ஆற்றையே ஒரு நகரம் அப்புறப்படுத்தியது எப்படி? அதற்குப் பிறகும் 2024-ல் அதன் வாசலில் 200-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனது எப்படி? இரண்டு கேள்விக்கும் பதில் அந்த மண்ணின் அமைப்பிலேயே தொடங்குகிறது.

வந்தால் வெள்ளம், வராவிட்டால் வறட்சி

துரியா பெரிய ஆறு கிடையாது. தெருவேல் மாகாணத்து மலைகளில் பிறந்து, 280 கிலோமீட்டர் ஓடி, வலென்சியா சமவெளியில் இறங்குகிறது. கோடையில் மெலிந்துபோகும். வலென்சியா நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 45 செ.மீ. அளவுதான்.

ஆபத்து இலையுதிர்காலத்தில் வருகிறது. கோடை முழுக்கச் சூடேறிய கடலுக்கு மேலே, வடக்கிலிருந்து பிரிந்து வந்த குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று உயரத்தில் நின்றுவிடும். கடலின் ஈரக்காற்று கரையை ஒட்டிய மலைகளில் மோதி மேலே ஏறும். பிறகு கொட்டித் தீர்த்துவிடும். ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்வதும் உண்டு. ஊர்க்காரர்கள் இதை ‘கோத்தா ஃப்ரீயா’ என்பார்கள்; வானிலை ஆய்வாளர்கள் ‘டானா’ என்கிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகள் அன்றைக்கு மட்டும் நதியாகிவிடும்.

கி.மு. 138-ல் ரோமானியர்கள் தங்கள் முன்னாள் படைவீரர்களைக் குடியமர்த்த இந்த ஊரை உருவாக்கியபோது, ஆற்றை ஒட்டியிருந்த சற்றே மேடான திட்டாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வின் அருமை 2,000 ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. 1957 வெள்ளத்தில் பாதி ஊர் மூழ்கியபோதும், நகரின் தலைமைத் தேவாலயத்தைச் சுற்றியுள்ள பழைய ரோமானியத் திட்டு நனையாமல் நின்றது.

வாய்க்கால் வெட்டியவர்கள்

எட்டாம் நூற்றாண்டில் முஸ்லிம்களின் ஆட்சி வந்தது. ஊர் ‘பலன்ஸியா’ ஆனது. ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பணைகள் எழும்பின. இரு கரையிலும் வாய்க்கால்கள் கிளைபிரிந்து ஓடின. நகரைச் சுற்றி ‘ஓர்த்தா’ எனப்படும் பாசனச் சமவெளி உருவானது இப்படித்தான். இடையில் 1094-ல் எல் சித் என்ற காஸ்டிலியத் தளபதி ஊரைப் பிடித்து, 1099-ல் இறக்கும்வரை ஆண்டான். அவன் மனைவி ஹிமேனாவால் 1102-க்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அரகோன் மன்னர் முதலாம் ஜாவுமே 1238 அக்டோபர் 9 அன்று நகருக்குள் நுழைந்தார். இன்றைக்கும் அந்த நாள் வலென்சியாவின் பெருநாள். நிலங்களைக் கிறிஸ்தவக் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்த மன்னர், வாய்க்கால்களின் விஷயத்தில் மட்டும் கை வைக்கவில்லை. முஸ்லிம்கள் காலத்தில் தண்ணீர் எப்படிப் பாய்ந்ததோ அப்படியே பாயட்டும் என்று சாசனம் எழுதிக் கொடுத்தார். ஆட்சி மாறியது, மதம் மாறியது, மொழி மாறியது. மடை திறக்கும் முறை மாறவில்லை.

வாய்க்கால் வெட்டியவர்களின் வாரிசுகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாகி ‘மொரிஸ்கோ’ என்று அழைக்கப்பட்ட அவர்கள், 1609-ல் மூன்றாம் பிலிப் மன்னரின் ஆணையால் கப்பலேற்றி நாடுகடத்தப்பட்டார்கள். வலென்சிய ராஜ்ஜியத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அன்று வெளியேறியது.

வியாழக்கிழமை நீதிமன்றம்

வியாழக்கிழமை பகல் 12 மணி. தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால், வட்டமான இரும்பு வேலிக்குள் மர நாற்காலிகள் போடப்படுகின்றன. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு வாய்க்காலின் பெயர். கறுப்பு மேலங்கி அணிந்த 8 பேர் வந்து அமர்கிறார்கள். வழக்கறிஞர்கள் யாரும் இல்லை. பாசனத் தகராறுகளைத் தீர்க்க அமர்ந்திருக்கும் இவர்கள் விவசாயிகள், அந்தந்த வாய்க்கால் பாசனதாரர்களே தேர்ந்தெடுத்த தலைவர்கள். பித்தளை முனை வைத்த கோலுடன் நிற்கும் சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, “குற்றம் சாட்டப்பட்டவர்கள் உண்டா?” என்று கூவுகிறார். பெரும்பாலான வாரங்களில் பதில் வராது. சில நிமிடங்களில் சபை கலைந்துவிடும்.

வழக்கு இருந்தாலும் அன்றைக்கே முடிந்துவிடும். எல்லாம் வலென்சிய மொழியில், வாய்மொழியாகவே நடக்கும். யார் பேசலாம் என்பதைச் சபைத் தலைவர் கையால் காட்டமாட்டார்; காலை நீட்டித்தான் காட்டுவார். மேல்முறையீடு கிடையாது. அபராதம் இன்னமும் பழைய நாணயக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது. வசூலிப்பது இன்றைய பணத்தில். கலீபாக்களின் காலத்தில், கி.பி. 960-ல் தொடங்கிய சபை இது என்பது மரபு. 1960-ல் ஆயிரமாண்டு விழாவும் கொண்டாடினார்கள். 2009-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தபோது, இந்த 8 தலைவர் பதவிகளின் கீழ் 9 பாசன சமூகங்களைச் சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள்.

இதன் உயிர் இரண்டு விதிகளில் இருக்கிறது. முதலாவது, எந்த வாய்க்காலுக்கும் இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுப்பதில்லை. ஆற்றில் என்ன வருகிறதோ அதில் இத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. வெள்ளாமைக்கு ஏராளமாக வந்தால் எல்லோருக்கும் ஏராளம்; குறைந்தால் எல்லோருக்கும் குறையும். தலைமடைக்காரன் வயிறு நிறைந்து கடைமடைக்காரன் காய்வதற்கு இடமில்லை. இரண்டாவது, இடக்கரை விவசாயி மேல் வழக்கு என்றால் தீர்ப்பை முன்மொழிவது வலக்கரைத் தலைவர்கள். வலக்கரை வழக்கில் இடக்கரையார். தன் கரைக்குத் தானே நீதிபதியாக முடியாது.

எதெல்லாம் குற்றம்? முறை வராமல் மடை திறப்பது, வாய்க்காலைத் தூர்வாராமல் விடுவது. இன்னொன்றும் உண்டு: உன் வயலில் மிஞ்சிய தண்ணீரை அடுத்தவன் வயலுக்குள் விட்டுப் பயிரைக் கெடுப்பது.

ஏரியும் சோறும்

வாய்க்கால்களின் வடிகால் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அல்புஃபெரா. நகருக்குத் தெற்கே, ஒரு மணல்திட்டு கடலிலிருந்து பிரித்துவைத்திருக்கும் நன்னீர் ஏரி. அதைச் சுற்றிலும் நெல் வயல்கள். தேங்கிய நீரால் மலேரியா பரவுகிறது என்று மத்திய கால மன்னர்கள் நெல் சாகுபடியைப் பலமுறை தடை செய்தும் விவசாயிகள் விடவில்லை. ஏரியின் பெரும்பகுதியைத் தூர்த்து வயலாக்கிவிட்டார்கள். உலகமே அறிந்த பாயேயா என்ற சோறு இந்த வயல்வெளியின் மத்தியான உணவு. இங்கத்திய அசல் பாயேயாவில் மீனோ இறாலோ இருக்காது. கோழி, முயல், பச்சை அவரை, ‘கர்ரோஃபோ’ என்ற பெரிய வெள்ளை மொச்சை, குங்குமப்பூ. ஆரஞ்சு விறகில் அகலமான இரும்புத் தட்டில் வேகும். அடியில் பிடிக்கும் காந்தலுக்குத்தான் போட்டி.

ஏரிக்கரையிலுள்ள எல் பல்மார் கிராமத்து மீனவர்கள் வலைபோடும் இடங்களை ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை. ஆனால் அந்த உரிமை பல நூற்றாண்டுகளாக மகன்களுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தது. 1990-களில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் நீதிமன்றம் ஏறித்தான் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கினார்கள். பங்கீடு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், பங்காளி யார் என்பது முதலில் முடிவாக வேண்டும்.

1957: ஊர் எடுத்த முடிவு

1957 அக்டோபர் 14. முதல் வெள்ளம் அதிகாலைக்குள் வந்து வடியத் தொடங்கியது. பிற்பகலில் அதைவிடப் பெரிதாக இரண்டாவது வந்தது. விநாடிக்கு சுமார் 1,30,000 கனஅடி என்பது கணிப்பு. சில தெருக்களில் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் நின்றது. அரசுக் கணக்குப்படி 81 பேர் இறந்தார்கள். நகரம் வாரக்கணக்கில் சேற்றை அள்ளியது. மாட்ரிட்டிலிருந்து உதவி வரத் தாமதமானதைப் பகிரங்கமாகக் கண்டித்த மேயர் தோமாஸ் த்ரெனோரை ஃபிராங்கோவின் சர்வாதிகார அரசு பதவியிலிருந்து தூக்கியது.

பிறகு ஆற்றையே திருப்புவதென்று முடிவானது. ‘தெற்குத் திட்டம்’ என்ற பெயரில் நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டருக்குப் புதிய ஆறு வெட்டினார்கள். விநாடிக்கு 1,76,000 கனஅடி நீர் போகுமளவுக்கு அகலம். செலவுக்காக வலென்சியாவாசிகள் போட்ட கடிதங்களில் கூடுதலாக ஒரு அஞ்சல்வில்லை ஒட்ட வேண்டியிருந்தது. 1985 வரை அது தொடர்ந்தது. புதிய ஆற்றை 1969-ல் ஃபிராங்கோ வந்து திறந்துவைத்தார். தெற்கே இருந்த விளைநிலங்கள் திட்டத்துக்குப் போயின. லா டோரே போன்ற குடியிருப்புகள் புதிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆகிவிட்டன.

காலியான பழைய படுகையில் விரைவுச்சாலை போட அரசு திட்டமிட்டது. “படுகை எங்களுடையது, அது பச்சையாக வேண்டும்” என்று மக்கள் திரண்டார்கள். ஃபிராங்கோ இறந்த மறு ஆண்டு, 1976-ல், படுகை நகராட்சியின் கைக்கு வந்தது. 1980-களில் பூங்காவாகத் திறக்கத் தொடங்கினார்கள். அதன் கடல்பக்கக் கோடியில்தான், அந்த ஊரிலேயே பிறந்த கட்டடக்கலைஞர் சந்தியாகோ கலத்ராவா பெரும்பகுதியை வடிவமைத்த கலை அறிவியல் நகரம் வெள்ளை வெளேரென்று எழுந்தது.

2024: அந்தப் பக்கம்

2024 அக்டோபர் 29. மேற்கே மலையடிவாரத்து துரிஸ் ஊரில் ஒரே நாளில் 77 செ.மீ. மழை கொட்டியது. அதில் 18 செ.மீ.க்கு மேல் ஒரே மணி நேரத்தில். ஒரு மணி நேர மழையில் ஸ்பெயினில் அதுவரை பதிவாகாத அளவு. போயோ என்ற ஓடை, ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பது, அன்று மாலை 6.55-க்கு விநாடிக்கு 80,000 கனஅடியைத் தாண்டியது. அத்தோடு அளவிடும் கருவியே அடித்துச் செல்லப்பட்டது. கீழே பைபோர்ட்டா, கத்தர்ரோஹா போன்ற ஊர்களில் பல இடங்களில் மழைகூட இல்லை. தண்ணீர் மட்டும் வந்தது. தரைத்தள வீடுகளிலும், காரை எடுக்கப்போன நிலவறை நிறுத்தங்களிலும் மக்கள் சிக்கினார்கள். கைப்பேசிகளில் எச்சரிக்கை அலறியபோது மணி இரவு 8.11. வலென்சியா மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தன் நிர்வாகத்தின் மீதான கோபம் ஓயாத நிலையில், வலென்சியப் பிராந்திய அரசின் தலைவர் கார்லோஸ் மாசோன் ஓராண்டுக்குப் பின், 2025 நவம்பரில், பதவி விலகுவதாக அறிவித்தார்.

புதிய ஆறு அன்று தன் வேலையைச் செய்தது. நகரின் மையத்துக்குள் வெள்ளம் வரவில்லை. மறுநாள் முதல் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் துடைப்பமும் மண்வெட்டியும் தண்ணீர் பாட்டிலுமாக, புதிய ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து லா டோரே பக்கம் போனார்கள். அந்தப் பாலத்துக்கு ஒற்றுமைப் பாலம் என்று பெயர் விழுந்தது. பாலத்தின் இந்த முனையில் நடைபாதை காய்ந்திருந்தது. அந்த முனையில் முழங்கால் சேறு.

நகரம் தன் வெள்ளத்தைத் தெற்கு ஊர்களின் மேல் தள்ளிவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. அன்று வந்தது துரியாவின் தண்ணீர் இல்லை. போயோ வேறு வடிநிலம், அல்புஃபெராவில் விழுவது. ஆறு பழைய இடத்திலேயே இருந்திருந்தாலும் பைபோர்ட்டா மூழ்கியிருக்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது. 1957-க்குப் பின் நகரத்துக்குக் கிடைத்த காப்பு புதிய ஆற்றின் கரையோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே, ஓடைகள் பாயும் தாழ்வான நிலத்தில், அதன் பிறகுதான் குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் மளமளவென்று எழுந்தன, அனுமதியும் கிடைத்தது. போயோவைச் சீர்செய்யும் திட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே வரையப்பட்டும் காகிதத்திலேயே கிடந்தது.

தண்ணீர் குறையும்போது எப்படிப் பங்கிடுவது என்பதை வலென்சியா நூற்றாண்டுக் கணக்கில் பழகிவைத்திருக்கிறது. தண்ணீர் மிஞ்சும்போது ஆபத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு அதனிடம் முறை இல்லை. அந்த முடிவுகளைப் பொறியாளர்களும் அமைச்சகங்களும் எடுத்தார்கள். காப்பாற்றப்பட வேண்டிய ஊர் எது என்பதை நகரத்தின் கரையில் நின்றே தீர்மானித்தார்கள். போயோவுக்கு என்ன செய்வது, எந்த நிலத்தில் இனி வீடு கட்டக் கூடாது என்ற கேள்விகள் இப்போது மறுபடியும் மேசைக்கு வந்திருக்கின்றன. வாய்க்கால் விவசாயிகளின் இரண்டாவது விதியை அந்த மேசைக்கும் பொருத்தலாம்: எந்தக் கரையைப் பற்றிய முடிவானாலும், எதிர்க்கரைக்காரர்கள் உட்கார்ந்து முன்மொழிந்தால்தான் அது செல்லும். இதற்கு அணை கட்ட வேண்டாம், ஆறு வெட்ட வேண்டாம். பைபோர்ட்டாவுக்கும் கத்தர்ரோஹாவுக்கும் சில நாற்காலிகள் போட்டால் போதும்.