வேலியோரத்துப் பாடகன் – முராய் குருவி

சேவல் கூவி ஓய்ந்ததும், அடுத்ததாக நம் தோட்டங்களில் குரல் கொடுப்பவர் யார் தெரியுமா? பிரட்டுக்கு ஆள் கூடும் முன்பே, லயத்துக் கூரை முகட்டிலோ வேலிக் கம்பிலோ அமர்ந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு சீட்டியடிக்கும் அந்தக் கருப்பு வெள்ளைக் குருவிதான். மலாய்க்காரர்கள் இதை ‘முராய் கம்போங்’ என்பார்கள். ஓயாமல் பேசுகிறவரை ‘முலுட் முராய்’, அதாவது முராய் வாய்க்காரர், என்று கேலி செய்வதும் இக்குருவியை வைத்துத்தான். தமிழில் இதற்குக் குண்டுகரிச்சான் என்று பெயர். வங்காளதேசத்தில் இதுவே தேசியப் பறவை. அங்கே ‘தோயெல்’ என்று அழைக்கிறார்கள்.

ஏறக்குறைய 19 செண்டிமீட்டர் நீளமுள்ள சிறிய பறவை. ஆணின் தலையும் மார்பும் முதுகும் பளபளக்கும் கருப்பு. வயிறும், இறக்கையில் ஒரு பட்டையும் வெள்ளை. ஆண் கருப்பாக இருக்கும் இடமெல்லாம் பெண் சாம்பல் நிறமாக இருக்கும்.

இந்தியா, இலங்கை தொடங்கி மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா வரை இது வாழ்கிறது. அடர்ந்த காடு இதற்குத் தேவையில்லை. மரங்கள் கொஞ்சம் விலகி நிற்கும் தோப்பு, கம்பத்துப் பழத்தோட்டம், பால்மரத் தோட்டம், கடலோரச் சதுப்புக்காடு, பட்டணத்துப் பூங்கா எல்லாம் இதற்குப் பிடித்த இடங்களே. பெரும்பாலும் தரையில் இறங்கி, காய்ந்த இலைகளைக் கிளறி, பூச்சி, புழு, பூரான் ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். சில சமயம் சிறு பல்லியும் அகப்படும். காய்கறிப் பாத்தி போட்டிருக்கும் வீடுகளுக்குச் சம்பளம் கேட்காத வேலைக்காரன் இது!

பொந்துதான் வீடு

மரப்பொந்து, சுவரில் உள்ள துளை, கூரை இடுக்கு ஆகியவற்றில் கூடு வைக்கும். கூடு கட்டும் வேலை பெரும்பாலும் பெண்ணுடையது. நான்கைந்து முட்டைகள் இட்டு, தான் மட்டுமே அடைகாக்கும். ஆண் என்ன செய்யும்? உயரமான கிளையில் ஏறிப் பாடும். சும்மா இருந்து பாடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ‘இது என் எல்லை, உள்ளே வராதே’ என்று மற்ற ஆண் குருவிகளுக்கு விடும் எச்சரிக்கை அது. மீறி வந்தால் பாய்ந்து விரட்டும்.

இந்த வீரமே அதற்கு வினையாகிவிட்டது. கூண்டில் ஓர் ஆண் குருவியை வைத்தோ, பதிவு செய்த குரலை ஒலிக்க விட்டோ ஏமாற்றுகிறார்கள். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நினைத்து ஆண் குருவி ஓடி வருகிறது; வலையில் விழுகிறது. கூட்டிலே அடைகாக்கும் பெண்ணுக்குக் காவல் போய்விடுகிறது.

பாட்டுக்கு விலை

பிடித்த குருவிகள் எங்கே போகின்றன? இந்தோனேசியாவில் குருவிகளைப் பாடவிட்டுப் பரிசு கொடுக்கும் போட்டிகள் மிகவும் பிரபலம். நன்றாகப் பாடும் பறவைக்குப் பெரும் விலை கிடைக்கும். அங்கே ‘காச்செர்’ எனப்படும் இக்குருவி ஜாவாவின் பல இடங்களில் அரிதாகிவிட்டதால், நம் நாட்டுக் குருவிகளின் மீது கண் விழுந்தது. 2015 முதல் 2020 வரை மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை நாடுகள் சம்பந்தப்பட்ட கடத்தல்களில் 26,000-க்கும் மேற்பட்ட முராய் குருவிகள் பிடிபட்டதாக, வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு கணக்கிட்டது. பிடிபட்டதே இவ்வளவு என்றால், பிடிபடாமல் போனதை எண்ணிப் பாருங்கள்.

காட்டுக்குள் வாழும் இதன் உறவுப் பறவையான ‘முராய் பத்து’வுக்கும் இதே கதிதான். 2022-ல் பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு, அப்பறவையின் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

‘கவலை இல்லை’ என்ற பட்டியல்

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் முராய் கம்போங் அழிவு அபாயம் குறைந்த இனமாகவே உள்ளது. பல நாடுகளில் பரவியிருப்பதால் உலகக் கணக்கில் அது சரிதான். ஆனால் உலகக் கணக்கு வேறு, நம் வாசல் கணக்கு வேறு. சிங்கப்பூரைப் பாருங்கள். 1920-களில் அங்கே இது சாதாரணக் குருவி. 1970-களில் தேடினாலும் கிடைக்காத நிலைக்குப் போய்விட்டது. கூண்டுக்காகப் பிடித்தது ஒரு காரணம்; வெளியிலிருந்து வந்து பெருகிய மைனாக்களின் போட்டி இன்னொரு காரணம் என்று கருதப்படுகிறது. பிறகு பாதுகாப்புக் கொடுத்த பின்னரே பூங்காக்களில் மீண்டும் அதன் பாட்டு கேட்கிறது. ‘எங்கும் இருக்கிறதே’ என்று அசட்டையாக இருந்த ஊரில் ஐம்பதே ஆண்டுகளில் நடந்தது இது.

நாம் செய்யக்கூடியவை

தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். ‘ஒரு குருவிக்கு இவ்வளவு வெள்ளி தருகிறேன்’ என்று யாராவது நம் பிள்ளைகளிடம் ஆசை காட்டினால், காசு அவருக்கு, வழக்கு நம் பிள்ளைக்கு என்பதைச் சொல்லி வையுங்கள். தோட்ட ஓரத்தில் வலை கட்டியிருப்பதைக் கண்டால், பக்கத்திலுள்ள பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

வீட்டுக்கு ஆபத்தில்லாத இடத்தில் பட்ட மரம் நின்றால் வெட்டாமல் விடுங்கள். அதன் பொந்து ஒரு குடும்பத்துக்கு வீடு. பாத்திக்குப் பூச்சி மருந்து அடிப்பதைக் குறையுங்கள்; மருந்துண்ட பூச்சியைத்தான் அது தன் குஞ்சுக்கும் கொண்டுபோகும். பிள்ளைகள் கைவேலையாக ஒரு பலகைப் பெட்டி செய்து, முன்பக்கம் துளை வைத்து, பூனை எட்டாத உயரத்தில் மாட்டினால் அதிலும் கூடு வைக்கும்.

செலவில்லாத காரியங்கள் இவை. கூண்டில் அடைத்த குருவி ஒரு வீட்டுக்கு மட்டுமே பாடும். வேலியில் இருக்கும் குருவி லயம் முழுவதற்கும் பாடும்.