பிற்செலவு ஆய்வில் செல்வாக்குமிக்க அவதானிப்புகள்: வரைபுகளின் பயன் பற்றிய சில குறிப்புகள்

சமூக விஞ்ஞான ஆய்வுகளில் இரு மாறிகளுக்கிடையிலான தொடர்பை ஒரு நேர்கோட்டினாற் சுட்டும் முறை பெருவழக்காகிவிட்டது. புள்ளிவிபரவியலார் இதனைப் பிற்செலவு என்பர். கோட்டின் சரிவு ஓர் எண்ணாக அச்சேறியதும் அதற்குப் புறவய உண்மை என்ற மதிப்பு வாய்த்துவிடுகின்றது. ஆயின், அவ்வெண் தரவுகள் அனைத்தினதும் கூட்டு முடிவா அல்லது ஓரிரு அவதானிப்புகளின் விளைவு மட்டுந்தானா என வினவுவோர் சிலரே. ஒரு செய்யுளைக்கொண்டு ஒரு காலகட்டத்தின் இலக்கியம் முழுவதையும் மதிப்பிடுதல் தவறென அறிந்த நாம், எண்கள் விடயத்தில் மட்டும் அவ்விழிப்பைக் கைவிடுதல் பொருந்தாது.

1973 இல் அன்ஸ்கொம்ப் என்னும் புள்ளிவிபரவியலறிஞர் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு அவதானிப்புகள் இருந்தன. நான்கிற்கும் இடைகள் ஒன்றே. இணைபுக் குணகம் ஏறத்தாழ 0.82, கோட்டின் சரிவு 0.5. அட்டவணையை மட்டும் நோக்குவோர்க்கு நான்கும் ஒன்றே. வரைபிலிட்டு நோக்கின் நான்கும் வெவ்வேறானவை. மூன்றாவது தொகுதியிற் பத்துப் புள்ளிகள் ஏறத்தாழ 0.35 சரிவுடைய கோடொன்றிற் பிசகாது அமைகின்றன. எஞ்சிய ஒரு புள்ளியே சரிவை 0.5 ஆக உயர்த்துகின்றது. நான்காவதிற் பத்துப் புள்ளிகளின் கிடைப்பெறுமானம் 8. ஒன்றினது மட்டும் 19. அவ்வொன்றை நீக்கினாற் கோடு வரைதலே இயலாது.

இவ்விடத்து இரு பண்புகளை வேறுபடுத்தல் அவசியம். ஒரு புள்ளி கோட்டிலிருந்து நிலைக்குத்தாக விலகிநிற்கும் அளவு அதன் மீதி எனப்படும். கிடைத்திசையில் ஏனையவற்றினின்றும் அது தொலைவில் நிற்பதால் கோட்டைத் தன்பால் இழுக்கப் பெறும் வலுவை நெம்பு எனலாம். மேற்கூறிய நான்காம் தொகுதியிலே தனித்த புள்ளியின் நெம்பு அதன் உச்சமாகிய 1, மீதியோ பூச்சியம். கோட்டைத் தன்னிடமே இழுத்துக்கொண்டமையால் அது குற்றமற்றதுபோல் தோற்றுகின்றது. எனவே மீதிகளை மட்டும் ஆராய்வோர் அதனைக் காணத் தவறுவர்.

இதனாலேயே கிடையச்சில் நெம்பையும் நிலைக்குத்தச்சில் நியமப்படுத்திய மீதியையும் இடும் வரைபு பயனுடையதாகின்றது. 1977 இல் குக் வகுத்த அளவை இவ்விரண்டையும் இணைத்து, ஓர் அவதானிப்பை நீக்கினால் மதிப்பீடுகள் எவ்வளவு மாறும் எனக் கூறுகின்றது. அவ்வளவை 1 ஐ விஞ்சுமிடத்து எச்சரிக்கை வேண்டும் என்பது வழக்கமான நடைமுறை. மூன்றாம் தொகுதியின் புறம்பான புள்ளிக்கு இது ஏறத்தாழ 1.39. நான்காம் தொகுதியின் தனிப்புள்ளிக்கோ நெம்பு 1 ஆதலால் இவ்வளவையைக் கணித்தலே இயலாது. ஆகவே, எந்தச் சூத்திரமும் தரவுகளை முதலிற் கண்ணாற் காண்பதற்கு ஈடாகாது.

இது வெறும் கணிதச் சிக்கலன்று. 2010 இல் றைன்ஹார்ட், றொகோவ் ஆகிய பொருளியலாளர், அரச கடன் தேசிய உற்பத்தியின் 90 சதவீதத்தைக் கடந்த செல்வந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மறை 0.1 சதவீதம் எனக் கூறினர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரச செலவுக் குறைப்பை நியாயப்படுத்துவதற்கு இக்கூற்று எடுத்தாளப்பட்டது. 2013 இல் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்து ஹேர்ண்டன், ஆஷ், பொலின் ஆகியோர் அதனை மீளக் கணித்தனர். கணனி அட்டவணைத் தவறினால் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகள் விலக்கப்பட்டிருந்தன. அவற்றோடு, 1951 என்ற ஓராண்டில் நியூசீலாந்து கண்ட மறை 7.6 சதவீதம், பிரித்தானியாவின் பத்தொன்பது ஆண்டுகளுக்குச் சமமான நிறையைப் பெற்றிருந்தது. குழுச் சராசரியும் ஒருவகைப் பிற்செலவே. ஏழு நாடுகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட அவ்வோராண்டின் நெம்பு ஏழில் ஒன்று. யாவற்றையும் திருத்தியபோது சராசரி 2.2 சதவீதமாயிற்று. குறைந்த கடனுடைய நாடுகளினதைவிட அது குறைவே. எனினும் வீழ்ச்சி என்ற முடிவு நிலைக்கவில்லை. செலவுக் குறைப்பின் சுமையைத் தாங்கியவர்கள் உழைக்கும் மக்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

விலகிய புள்ளியை அழித்துவிடுவது தீர்வாகுமா? ஆகாது. நாடுகளின் தலா வருமானத்துக்கும் ஆயுள் எதிர்பார்ப்புக்குமுள்ள தொடர்பிலே இலங்கை நெடுங்காலம் கோட்டுக்கு மிக மேலே நின்றது. வருமானத்தில் அதனையொத்த நாடுகள் பல இருந்தமையாற் கோட்டை அது பெரிதும் இழுக்கவில்லை. அதாவது, மீதி பெரிது, செல்வாக்குச் சிறிது. ஆயின் 1981 இல் அமார்த்தியா சென் அவ்விலகலையே ஆய்வுப் பொருளாக்கி, இலவசக் கல்வி, பொதுச் சுகாதாரம், உணவு மானியம் ஆகியவற்றின் பங்கை எடுத்துக்காட்டினார். விதிவிலக்கை அழித்திருப்பின் வரலாறும் அழிந்திருக்கும்.

எனவே வரைபு தீர்ப்பு வழங்குவதன்று. எங்கு விசாரிக்கவேண்டும் எனச் சுட்டுவது. ஓர் அவதானிப்பு செல்வாக்குடையதெனக் கண்டால், அது எழுத்துப்பிழையா, பொருந்தாத ஒப்பீடா, அன்றி நமது கோட்பாடு விளக்கத் தவறிய சமூக உண்மையா என ஆராய்தல் வேண்டும். அதனைச் சேர்த்தும் நீக்கியும் பெற்ற முடிவுகள் இரண்டையும் வாசகர்முன் வைத்தல் வேண்டும். நமக்கு உவப்பான முடிவுகளுக்கும் இச்சோதனையை விதிவிலக்கின்றிப் பிரயோகிக்கும்போதே நமது ஆய்வை விஞ்ஞானபூர்வமானது எனக் கூறும் தகுதியை நாம் பெறுவோம்.