தட்டினால் ஏன் எரிகிறது?

டார்ச் மக்கர் செய்தால் உடனே அதை உள்ளங்கையில் ஓங்கித் தட்டுகிறோம். பெரும்பாலும் எரியவும் செய்கிறது. பேட்டரிக்கு உயிர் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தட்டிய வேகத்தில் பேட்டரி ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாவிக்கொத்தில் தொங்கும் சுண்டுவிரல் அளவு எல்.இ.டி. டார்ச் விட்டுவிட்டு எரிவதற்கும் பெரும்பாலும் அந்த மயிரிழைதான் காரணம். பழி மட்டும் பல்பின் மீது விழுகிறது.

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதை நாம் ரொம்பச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். பளபளப்பாகத் தெரியும் ஸ்பிரிங் முனையும் பேட்டரியின் அடிப்பக்கமும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். ஒரு பலாப்பழத்தின் மேல் இன்னொன்றை வைத்தாற்போலச் சில முள்முனைகள் மட்டுமே முட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் மொத்தமும் அந்த முனைகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போயாக வேண்டும். ஸ்பிரிங் அழுத்த அழுத்த முனைகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும். ஸ்பிரிங் தளர்ந்தால் குறையும்.

அந்த முனைகளின் மீது ஆக்சைடு படலம் படிந்துவிட்டால் இருக்கிற வழியும் அடைபடும். சாவிக்கொத்து டார்ச்சின் தலையெழுத்தே இதுதான். நாள் முழுக்க பேண்ட் பாக்கெட்டில் வியர்வையோடும், பைக் சாவியில் அதிர்வோடும் அது கிடக்கிறது. வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கிறது. அதிர்வோ தொடுமுனைகளை ஓயாமல் உரசுகிறது. உரசி வெளிப்பட்ட புது உலோகம் மறுபடி ஆக்சைடாகி, பொடியாக அங்கேயே தங்கிவிடுகிறது.

பழைய இழை பல்பு டார்ச்சிலும் லூஸ் காண்டாக்ட் உண்டு. ஆனால் டங்ஸ்டன் இழை சூட்டினால் ஒளிர்வது. மின்சாரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் அறுந்தாலும் அந்தச் சூடு தணியாது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. எல்.இ.டி. அப்படி இல்லை. மின்சாரம் நின்றால் மைக்ரோநொடியில் அணையும். மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே மின்னோட்டம் மடமடவென்று சரியும். பழைய பல்பு மூடி மறைத்த குறையை எல்.இ.டி. அப்படியே போட்டுக் காட்டிவிடுகிறது.

எனவே அது மினுக்கும் விதத்தைக் கவனிப்பது முதல் வேலை. ஆட்டினால், தட்டினால், திருகினால் மாறுகிற ஒழுங்கற்ற மினுக்கல் என்றால் கோளாறு காண்டாக்டில். அசைக்காமல் வைத்திருந்தும் சீரான தாளத்தில் எரிந்து எரிந்து அணைகிறதா? பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஏஏஏ செல் 1.5 வோல்ட்தான் தரும், வெள்ளை எல்.இ.டி.க்கோ சுமார் 3 வோல்ட் வேண்டும். மின்னழுத்தத்தை உயர்த்திக்கொடுக்க டார்ச்சின் தலைக்குள் ஒரு குட்டிச் சுற்று உண்டு. செல் தளர்ந்தால் இந்தச் சுற்று ஈடுகட்டுவதற்காகக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மின்னழுத்தம் இன்னும் சரியும். கடைசியில் சுற்று படுத்துவிடும். சுமை போனதும் செல் சற்றுத் தேறும், சுற்று மறுபடி எழும், மறுபடி விழும். அரை ஆம்பியர் ஓடும் பாதையில் அழுக்கான காண்டாக்ட் ஒன்று அரை ஓம் தடை தந்தால் கால் வோல்ட் அங்கேயே போய்விடும். புது செல்லையும் கிழச்செல்லாக்க அது போதும்.

கோளாறு எந்த முனையில் என்று கண்டுபிடிக்க ஒரு துண்டு ஒயர் போதும். பின்மூடியில் சுவிட்ச் உள்ள டார்ச் என்றால் மூடியைக் கழற்றி, செல்லின் பின்முனையையும் குழலின் விளிம்பையும் ஒயரால் இணையுங்கள். நிதானமாக எரிந்தால் குற்றவாளி மூடியில் இருக்கிறது. ஸ்பிரிங்கையும் சுவிட்சையும் பிடித்திருக்கும் உள்வளையம் பல நேரங்களில் தானாகக் கழன்றிருக்கும்; இரண்டு துளைகளில் இடுக்கி முனையை விட்டுத் திருகினால் போதும். அப்போதும் மினுக்கினால் தலைப்பக்கம் பாருங்கள். கீழே விழுந்து விழுந்து சாலிடர் விட்டிருக்கலாம்.

சுத்தம் செய்ய பென்சில் ரப்பரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். கை சானிடைசர் வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், பிசுக்காகத் தங்கிவிடும். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து, பிறகு நன்றாக உலர்த்துங்கள். உப்புத்தாள் எடுக்கும்போது மட்டும் நிதானம் தேவை. அலுமினியக் குழலின் வண்ணப் பூச்சு மின்சாரம் கடத்தாத கெட்டி ஆக்சைடு. திருகினால் எரியும் டார்ச்சுகள் சிலவற்றில் மரையில் இந்தப் பூச்சு இருப்பதால்தான் விளக்கு அணைகிறது. அதைத் தேய்த்துவிட்டால் அப்புறம் அணைக்கவே முடியாது.

அமுக்கினால் எரியும் பிளாஸ்டிக் டார்ச் இன்னும் எளிமையானது. பலவற்றில் எல்.இ.டி.யின் இரண்டு கால்களும் நேராகப் பட்டன் செல்லை இருபுறமும் கவ்வியிருக்கும். காலைத் துடைத்து லேசாக உள்ளே வளைத்தாலே சரியாகிவிடும். இரண்டு சி.ஆர்.2016 செல்கள் சேர்ந்து 6 வோல்ட். மிச்ச வோல்ட்டைச் செல்லின் உள்தடையே விழுங்கிக்கொள்கிறது. தனியாக ஒரு மின்தடை வைக்கும் செலவையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்! செல் மாற்றும்போதும் பெயரைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு 2016 இருந்த இடத்தில் ஒரு 2032 கச்சிதமாக உட்காரும், ஏனென்றால் தடிமன் 1.6 மி.மீ. இரண்டுக்கு 3.2 மி.மீ. ஒன்று. ஆனால் மின்னழுத்தம் பாதியாகி, வெளிச்சம் சோகை பிடித்துவிடும்.

கழற்றிய பட்டன் செல்லைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கிவிடக்கூடும். டார்ச்சுக்குத் தீர்ந்துபோன செல்லிலும் அதற்கான தெம்பு இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதற்காகவே சில நிறுவனங்கள் செல்லின் மேல் கசப்புப் பூச்சு தடவுகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் காண்டாக்டைக் கெடுக்கிறது. கசப்புப் பூச்சுள்ள சி.ஆர்.2032 தன் ஏர்டேக் கருவியில் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. புது செல் போட்டும் டார்ச் மினுக்கினால் இதையும் சந்தேகிக்கலாம். ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகக்கூடும், ஆனால் கசப்பும் போய்விடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம். கொஞ்சம் கனமானாலும் ஏஏஏ டார்ச் ஒன்றைச் சாவியில் மாட்டிக்கொள்ளலாம்.