உங்களுக்குத் தெரியுமா? கொம்பு பார்த்துச் சுட்டால் மான் கூட்டம் தேறுமா!

ஸ்ரீ சிட்டி வாசகர்களே, லீவு நாளில் அலிபிரி படியேறித் திருமலைக்கு நடந்திருக்கிறீர்களா? வழியில் மான் பூங்கா வருமே, அடுத்த முறை அங்கே ஒரு நிமிடம் நின்று புள்ளிமானின் கொம்பைப் பாருங்கள். போன வருடம் அது அந்தத் தலையில் இல்லை! பழையது உதிர்ந்து, புத்தம் புதிதாக முளைத்தது!

முளைக்கும் வேகம் தெரியுமா? பெரிய மான் இனங்களில் ஒரே நாளில் 2 சென்டிமீட்டர்! பாலூட்டிகளில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது!

குளிர் நாட்டு மான்கள் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கும். நம் புள்ளிமான் அப்படியில்லை. எந்த மாதம் போனாலும் ஒன்று முழுக் கொம்போடு நிற்கும், பக்கத்திலேயே இன்னொன்று மொட்டைத் தலையோடு மேயும்!

ஆந்திராவின் மாநில விலங்கு வெளிமான். அது மானே இல்லை! ஆடு, மாடு குடும்பம். கொம்பு ஆயுளுக்கும் உதிராது!

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். கொம்பு சிறுத்த கலைகளை மட்டும் பொறுக்கிச் சுட்டுவிட்டால், மிச்சக் கூட்டம் பெரிய பெரிய கொம்போடு வளருமா? (ஆண் மான் கலை, பெண் மான் பிணை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்!) உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த கணக்கு இது. ஜெர்மனியில் 1934-ல் வந்த வேட்டைச் சட்டமே இந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். அந்தச் சட்டப்படி வேட்டைத் துறைக்குத் தலைவர் யார் தெரியுமா? ஹிட்லரின் வலது கை கோரிங்! சுட்ட மான்களின் கொம்புகளைக் கண்காட்சியில் மாட்ட வேண்டும். தப்பான மானைச் சுட்டவரின் கொம்பில் சிவப்புப் புள்ளி விழும்!

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். டெக்சாஸில் கமாஞ்சி பண்ணை. 2006-ல் தொடங்கினார்கள். ஹெலிகாப்டரில் பறந்து, மேலிருந்து வலை வீசி, கலைகளை உயிரோடு பிடித்தார்கள். கொம்பை அளந்தார்கள். தேறாதவற்றைக் கழித்தார்கள். ஒரு பகுதியில் கடுமையாக, இன்னொன்றில் மிதமாக, மூன்றாவதில் ஒன்றையும் தொடாமல். வருடக்கணக்காக இதே வேலை! கடைசியில் கொம்பு எவ்வளவு பெரிதானது? ஒன்றுமே ஆகவில்லை! கலைகளின் எண்ணிக்கைதான் சரிந்தது!

ஏனாம்? கொம்பின் மரபில் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாய்க்குத்தான் கொம்பே கிடையாதே! எதைப் பார்த்துக் கழிப்பது?

இன்னொன்று கேளுங்கள். கூட்டத்தின் குட்டிகளுக்கெல்லாம் அந்தக் கம்பீரக் கிழட்டுக் கலைதான் அப்பா என்று நினைத்தீர்களா? டெக்சாஸ் வெள்ளைவால் மான்களின் டிஎன்ஏவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு குட்டிக்கு அப்பா, மீசை முளைக்காத இளவட்டம்! அதைவிட ஆச்சரியம், இரட்டைக் குட்டிகளில் நான்கில் ஒரு ஜோடிக்கு இரண்டு அப்பாக்கள்!

ஸ்காட்லாந்தின் ரம் தீவில் 1953 முதல் செம்மான்களைக் கவனித்து வருகிறார்கள். ஒவ்வொரு மானுக்கும் வாழ்க்கை வரலாறே உண்டு! பெரிய கொம்புக் கலைகளுக்கு அங்கே குட்டிகள் அதிகம். கொம்பின் அளவும் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. அப்படியானால் கொம்பு வளர்ந்திருக்க வேண்டுமே? வளரவில்லை! தீவில் கூட்டம் பெருகியது, புல் போதவில்லை, கொம்பு சுருங்கிவிட்டது!

தெற்கு டகோட்டாவில் மலைக்காட்டுக் குட்டை மான்களைப் பிடித்து வயிறாரச் சாப்பாடு போட்டார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. இரண்டாம் தலைமுறையிலேயே கொம்பும் உடம்பும் கிடுகிடுவென்று வளர்ந்தன!

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. கனடாவின் ராம் மலையில் பெரிய கொம்புக் காட்டுச் செம்மறிக் கிடாய்களாகப் பார்த்துச் சுட்டார்கள். 30 வருடத்தில் மிஞ்சிய கிடாய்களின் கொம்பே சிறுத்துவிட்டது என்று 2003-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது! யானைத் தந்தத்துக்கும் இதே கதிதான் என்பவர்கள் உண்டு. இலங்கையில் 2011-ல் யானை எண்ணினார்கள். மொத்தம் 5,879. தந்தம் உள்ளவை வெறும் 122!

நம் காட்டில் கலைகளைக் கழிப்பது யார்? வனவிலங்கு ஆய்வாளர், நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களில் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களின் பின்னாலேயே நடந்தார். பிறகு நாகரஹொளே காட்டில் இன்னொரு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றின் இரையையும் கணக்கெடுத்தார். கூட்டத்தில் உள்ள விகிதத்தைவிட அதிகமாக மாட்டியது யார்? வளர்ந்த கலைகள்! திருமலையைச் சுற்றியுள்ள 353 சதுர கிலோமீட்டர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவிலும் சிறுத்தை உண்டு, செந்நாய் உண்டு. ஒரு நயா பைசா சம்பளமில்லாமல் வேலை நடக்கிறது!

அந்தமானில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகப் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான், மான் தீவு தீவாகப் பெருகிவிட்டது!

இந்தியாவில் மான் வேட்டைக்குத் தடை. உதிர்ந்த கொம்பைக்கூட அனுமதியில்லாமல் வீட்டுச் சுவரில் மாட்டக்கூடாது!

மணிப்பூரின் சங்காய் மான் 1975-ல் எத்தனை இருந்தது தெரியுமா? 14! யாரும் கொம்பை அளக்கவில்லை, ஒரு கலையையும் கழிக்கவில்லை. லோக்தக் ஏரியின் மிதக்கும் புல்வெளியைக் காத்தார்கள். 2016 கணக்கில் 260!