மாதவிடாய் நிற்கும் காலமும் தலைமுடி மெலிவும்

உடலில் திடீரென வெப்பம் பரவுவது, வியர்ப்பது, உறக்கம் கலைவது ஆகியவை மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறிகள் என்பதைப் பலரும் அறிவார்கள். தலைமுடி மெலிவதும் அக்காலத்தில் நிகழக்கூடிய மாற்றமே என்பதை அறிந்தவர்கள் குறைவு. அதனால் பல பெண்கள் எண்ணெயை மாற்றிப் பார்த்தும், ஷாம்புவை மாற்றிப் பார்த்தும், குழாய்த் தண்ணீரைக் குறைகூறியும் ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். “இந்த வயதில் இதற்காகவா மருத்துவரிடம் போவது?” என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

அந்தத் தயக்கம் தேவையற்றது. முடி உதிர்வுக்குப் பின்னால் இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ மறைந்திருக்கக்கூடும். மேலும், சில வகை உதிர்வுகளில் காலம் தாழ்த்தினால் இழந்த முடி திரும்புவதே இல்லை.

முடி எவ்வாறு வளர்கிறது?

நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்கிறது. பின்னர் இரண்டு, மூன்று வாரங்களில் அதன் வேர் சுருங்குகிறது. ஏறத்தாழ 3 மாதங்கள் ஓய்வில் இருந்தபின் அம்முடி உதிர, அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கிறது. எனவே நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பானதே. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு அந்நாளில் உதிர்ந்த முடி அதிகமாகத் தென்படும். அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மாதவிடாய் நிற்கும்போது என்ன நிகழ்கிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். இந்தியப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 45 முதல் 50 வயதுக்குள் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடலில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன.

முடியின் வளர்பருவம் நீடிக்க ஈஸ்ட்ரோஜன் துணைபுரிகிறது. மாதவிடாய் நிற்கும்போது அதன் அளவு வெகுவாகக் குறைகிறது. பெண்ணின் உடலிலும் சிறிதளவு சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்களோ அதே வேகத்தில் குறைவதில்லை. பரம்பரையாக அவற்றுக்கு எளிதில் ஆட்படும் மயிர்க்கால்கள் சிறுகச் சிறுகச் சுருங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிட மெல்லிய, குட்டையான முடியே முளைக்கிறது. இத்தகைய பெண்கள் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு இயல்பாகவே இருக்கும். இந்தப் பரம்பரைக் கூறு தாய்வழியாகவும் வரலாம், தந்தைவழியாகவும் வரலாம்.

எல்லா உதிர்வும் ஒன்றல்ல

முதல் வகை, மேலே கூறிய படிப்படியான மெலிவு. வகிடு அகன்றுகொண்டே போகும். உச்சந்தலையில் தோல் தெரியத் தொடங்கும். முன்நெற்றியின் முடிக்கோடு பெரும்பாலும் மாறாதிருக்கும். ஆண்களைப் போல முழு வழுக்கை ஏற்படுவது அரிது.

இரண்டாம் வகை, கொத்துக் கொத்தாக உதிர்வது. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, விரைவான எடைக் குறைவு, பெருந்துயர் போன்றவற்றுக்கு 2 அல்லது 3 மாதங்களுக்குப் பிறகு இது தொடங்கும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே சீராகிவிடும்.

மூன்றாம் வகை, வடுவை உண்டாக்கும் உதிர்வு. நெற்றியின் முடிக்கோடு ஒரு பட்டையாகப் பின்வாங்கும், புருவமும் உதிரும், முடி போன இடம் வழவழப்பாகவும் வெளிறியும் காணப்படும். ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கொசார்ட் 1994-ஆம் ஆண்டில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதனைக் கண்டு விவரித்தார். அழற்சியால் மயிர்க்கால் அழிந்துவிடுவதால் போன முடி மீளாது. ஆனால் விரைந்து சிகிச்சை தொடங்கினால் மேலும் பரவாமல் தடுக்க இயலும்.

என்னென்ன பரிசோதனைகள்?

மருத்துவர் முதலில் தலையின் தோலையும் முடியையும் உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். தேவைக்கேற்ப ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனைகளை எழுதித் தருவார். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பலருக்கு இரத்தப்போக்கு மிகுதியாக இருப்பதால் உடலின் இரும்புச்சத்து குறைந்திருக்கக்கூடும். நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் உடன் கொண்டுவாருங்கள். சில மருந்துகளாலும் முடி உதிரும்.

பயோட்டின் மாத்திரை உண்பவர்கள் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அது தைராய்டு பரிசோதனையின் முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையின் முடிவையும் தவறாகக் காட்டச் செய்யும். பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அம்மாத்திரையால் முடி வளரும் என்பதற்குப் போதிய சான்றும் இல்லை.

சிகிச்சையும் பொறுமையும்

படிப்படியான மெலிவுக்கு முதன்மையான மருந்து, தலையில் தடவும் மினாக்ஸிடில். இதனை முடியில் அல்லாமல் தோலில் படுமாறு தடவ வேண்டும். முதல் சில வாரங்களில் உதிர்வு சற்றே கூடலாம். ஓய்விலிருந்த பழைய முடிகள் புதியவற்றுக்கு இடம் விடுவதே இதன் காரணம். பலர் இக்கட்டத்தில்தான் அஞ்சி மருந்தை விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதங்கள் ஆகும். மருந்தை நிறுத்தினால் பெற்ற பலனும் சில மாதங்களில் மறையும். தலையில் அரிப்பு, முகத்தில் மென்முடி ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள்.

சிலருக்கு ஆண்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் மாத்திரைகள் தேவைப்படலாம். அவற்றை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உண்ண வேண்டும். முடிக்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சை தரப்படுவதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

தேங்காய் எண்ணெய் முடித்தண்டு உடைவதைக் குறைக்கும். சுருங்கிய மயிர்க்காலை அது மீட்காது. தலைமுடியை இறுக்கி இழுத்துக் கட்டுவதையும், மெலிந்த முடியில் கனமான சவுரி வைத்துப் பின்னுவதையும் தவிருங்கள்.

பருப்பு, பயறு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றை நாள்தோறும் இயன்றவரை சேர்த்துக்கொள்ளுங்கள். கீரையுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவுடனோ உணவு முடிந்த உடனேயோ தேநீர், காபி அருந்தினால் அது தடைபடும். தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் உண்பவர்கள் இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

குடும்பத்தாருக்கு

பிள்ளைகளுக்கும் கணவருக்கும் வேளைதோறும் உணவிட்டு, எஞ்சியதை உண்ணும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. தாயின் முடி உதிர்வதற்கு அவர் தட்டில் இருப்பதும் ஒரு காரணமாகலாம். “வயதானால் அப்படித்தான்” என்று கூறிக் கடந்துவிடாதீர்கள். முடி மெலிவதால் விழாக்களுக்குச் செல்லவும் நிழற்படம் எடுத்துக்கொள்ளவும் கூசும் பெண்கள் பலர். அவர்களது மனவருத்தம் மெய்யானது. உடன் வந்து மருத்துவரைக் காண்பதும், மருந்தைத் தொடர நினைவூட்டுவதும் பேருதவியாகும்.

விரைந்து மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

* நெற்றி முடிக்கோடு பின்வாங்குவதையோ புருவம் உதிர்வதையோ காண்பவர்கள்
* தலையில் எரிச்சல், வலி, செதில், சீழ் உள்ளவர்கள்
* வட்டவட்டமாக முடி கொட்டுபவர்கள்
* முடி உதிர்வுடன் முகத்தில் தடித்த முடி வளர்வதையோ குரல் தடிப்பதையோ உணர்பவர்கள்
* மிகுந்த சோர்வு, மூச்சிரைப்பு, காரணமற்ற எடை மாற்றம் உள்ளவர்கள்

இவற்றுள் எதுவும் இல்லாதவர்களும், வகிடு அகல்வதைக் கண்டால் தோல் நோய்ப் பிரிவுக்கு வரலாம். அதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் வகிட்டை ஒரு நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 6 மாதங்களுக்குப் பின் அதே வெளிச்சத்தில் எடுக்கும் மற்றொரு படத்துடன் ஒப்பிட்டால், சிகிச்சையின் பலனை நீங்களே அறியலாம்.