கொட்டியாரக் குடாவும் 45 சதமமீற்றர் கம்பியும்

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணிக் களப்பில் ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரைக்குக் கேட்கும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் அந்தச் சலுகை இல்லை. மூதூர்ப் பக்கமும் சம்பூர்ப் பக்கமும் தொழிலுக்குப் போகும் வள்ளங்கள் சிறிது நேரத்தில் ஒன்றின் கண்ணுக்கு ஒன்று மறைந்துவிடும். குடாவின் வாயைத் தாண்டினால் வங்கக் கடல். அங்கே கைக்குள் அடங்கும் கடல்வானொலியை நம்பிப் போகிறவர் வாங்கும்போது கேட்பது, அது ஐந்து உவாற்றா ஆறு உவாற்றா என்பதைத்தான். அதன் தலையில் நிற்கும் கட்டைக் கம்பியை யாரும் விசாரிப்பதில்லை.

இடர்க்காலத்தில் அழைப்பதற்கென உலகம் முழுதும் ஒதுக்கப்பட்ட 16ஆம் அலைவரிசையின் மீடிறன் 156.8 மெகா ஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் 1.91 மீற்றர், அதில் காற்பங்கு 48 சதமமீற்றர். கம்பியின் தடிப்பும் நுனி விளைவும் சேர்ந்து ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைக்கச் செய்வதால், நடைமுறையில் 45 சதமமீற்றர் நீளமே அந்த அலையோடு ஒத்திசையும். கடையில் வரும் அலைவாங்கியோ ஒரு சாண் நீளந்தான். குறைந்த நீளத்தை ஈடுகட்ட உள்ளே கம்பியைச் சுருளாக்கி இரப்பரால் மூடியிருப்பார்கள். ஒத்திசைவு கிடைத்துவிடும், கதிர்வீசும் திறன் கிடைக்காது. நல்ல தளத்தின்மேல் நிற்கும் முழுக் கால் அலைக்கம்பியின் கதிர்வீசு தடை 36 ஓம். ஒரு சாணாகச் சுருங்கியதில் அது சில ஓம்களே. அலையாகப் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி சுருளிலும் இணைப்பிலும் வெப்பமாகிறது. போதாக்குறைக்கு, அலைவாங்கியின் மறுபாதியாக வேலை செய்வது வானொலியின் உடலும் அதைப் பிடித்த கையுமே. இடுப்பில் செருகிக்கொண்டு பேசினால் உடம்பும் தன் பங்கை விழுங்கும். 45 சதமமீற்றர் கம்பி ஒன்றை அலைவாங்கியின் அடியிலுள்ள உலோக வளையத்தில் இணைத்துக் கீழே தொங்கவிட்டாலே பேச்சுத் தெளிவதைக் காணலாம். இதைவிட மலிவான திருத்தம் வேறில்லை.

ஆயினும் நீளத்தைவிடப் பெரிய கணக்கு உயரம். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984 முதல் பல ஆண்டுகள் திருகோணமலையில் நடத்திய அஞ்சல் நிலையத்தின் சிற்றலைகள் வானத்து அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைநாடுகளில் இறங்கின. வள்ளத்து வானொலியின் அலை அப்படித் திரும்பாது. அயன மண்டலத்தை ஊடுருவிப் போய்விடும். ஆகவே அது அடிவானம் வரைதான் நம்பத்தக்கது. அந்த அடிவானத்தைக் கணிக்க ஓர் எளிய விதி உண்டு: இரு அலைவாங்கிகளின் உயரங்களையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தொலைவு கிலோமீற்றரில் வரும். கடலுக்கு ஒரு மீற்றர் மேலே வானொலியைப் பிடித்த இருவருக்கிடையே அது எட்டுக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். இருவரும் தம் அலைவாங்கியை நான்கு மீற்றருக்கு உயர்த்தினால் பதினாறரை. ஐந்து உவாற்றை இருபத்தைந்தாக்கினாலும் அடிவானம் ஓரடிகூட நகராது.

கரையிலே நூறு மீற்றர் உயரத்தில் ஒரு நிலையம் இருந்தால் கதை வேறு. ஒரு மீற்றரிலிருந்தே அதற்கு 45 கிலோமீற்றர் எட்டும்; நீங்கள் நான்கு மீற்றருக்கு ஏறினால் கூடுவது நான்கே கிலோமீற்றர். உயர்த்துவதன் முழுப் பயனும் வள்ளத்துக்கும் வள்ளத்துக்கும் இடையே கிடைக்கிறது. பக்கத்தில் தொழில் செய்பவனே முதலில் உதவிக்கு வருவான் என்பதால், என் கணிப்பில் அதுவே முக்கியம்.

இதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. 50 ஓம் ஓரச்சு வடம், ஆர்.ஜி.58 என்று கேட்டால் தருவார்கள். தொலைக்காட்சிக்குப் போடும் 75 ஓம் வடத்தைத் தவிர்க்கவும். வடத்தின் ஒரு முனையில் 45 சதமமீற்றருக்கு வெளித்தோலை உரித்து, உள்ளிருக்கும் பின்னற் செம்பை அவிழ்த்துக் கீழ்நோக்கி மடித்து வடத்தின்மேலேயே இழுத்துவிட வேண்டும். மேலே நடுக்கம்பி ஒரு பாதி, கீழே மடிந்த பின்னல் மறுபாதி: அரை அலை இருமுனை அலைவாங்கி ஆயிற்று. பின்னல் முடியும் இடத்துக்குக் கீழே வடத்தை ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டினால், வடத்தின் வெளிப்புறம் வழியே திரும்பி ஓடும் மின்னோட்டம் அடங்கும். எல்லாவற்றையும் பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து மூங்கிலில் நிமிர்த்திக் கட்டலாம். குழாய் ஒத்திசைவைச் சற்றே கீழிறக்கும்; நிலையலை விகிதமானி இருந்தால் ஒன்றரைக்குக் குறையும்வரை நுனியை மில்லிமீற்றர் கணக்கில் நறுக்குங்கள். வடம் ஆறு மீற்றருக்கு மேல் வேண்டாம். அதற்குள்ளேயே ஆற்றலில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடுகிறது. உயரம் அந்த இழப்பை ஈடுகட்டும்.

விற்பனைக்கு வரும் ஆறு, ஒன்பது டெசிபல் பெருக்கக் கோல்களில் மயங்குவோர் உண்டு. பெருக்கம் என்பது புதிதாக ஆற்றலைப் பிறப்பிப்பதன்று, மேலும் கீழும் போவதைக் கிடைமட்டத்தில் ஒடுக்குவது. நிலையான கோபுரத்துக்கு அது நன்று. அலையில் உருளும் சிறு வள்ளத்தில் ஒடுங்கிய அந்தக் கற்றை ஒருகணம் வானத்தையும் மறுகணம் நீரையும் நோக்கும். எதிரே உள்ளவருக்குக் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். எளிய இருமுனை அலைவாங்கி இதில் பொறுமைசாலி.

பகை உப்புதான். பின்னலுக்குள் ஈரம் நுழைந்தால் செம்பு கறுத்து, வெளியே எதுவும் தெரியாமலேயே அலைவாங்கி செத்துவிடும். மேல்முனையை இறுக மூடி, இணைப்பிகள்மேல் தானே ஒட்டும் இரப்பர் நாடாவைச் சுற்றி, வடத்தில் ஒரு தொங்கலும் விடுங்கள். அதன் வழியே நீர் சொட்டிப் போகும். வானொலியைப் பாவிக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் தேவை. கட்டி முடித்ததும் 16இல் "கேட்குதா, கேட்குதா" என்று கூவ வேண்டாம். கலங்களுக்கிடையே பேச ஒதுக்கிய 72க்கு மாறி, அடுத்த வள்ளத்துக்காரரிடம் கேளுங்கள்.