தெளிந்த நீர் மட்டும் போதுமா?

கட்டைவிரல் நீளம்கூட இல்லாத சிவப்பு இறால்கள் பச்சைப் பாசியின்மீது ஏறி இறங்கி மேய்வதைக் கடையில் பார்ப்பவர்களுக்கு, அவற்றை வீட்டிலும் வளர்க்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றும் பத்து இறால்களும் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று மாலையே தொட்டியில் குழாய் நீரை நிரப்பி இறால்களை விட்டுவிடுகின்றனர். ஒரு வாரத்திற்குள் அவை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்குகின்றன. தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, பிறகு ஏன் இப்படி நேர்ந்தது என்று அவர்கள் குழம்புகின்றனர்.

இதற்கான காரணம் கண்ணுக்குத் தெரியாது. இறாலின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவு அழுகுவதிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. ஆற்றிலும் குளத்திலும் நீர் மிகுதியாக இருப்பதால் அது கரைந்து பரவிவிடும். சிறிய தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. ஆனால், நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் சில உள்ளன. அவை அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் குறைந்த அளவில் இருந்தால் பெரிய தீங்கு இல்லை. நீர்த்தாவரங்கள் அதனை உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேறிப் போதிய அளவு பெருகுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். எனவே, அனுபவமுள்ளவர்கள் முதலில் தொட்டியை அமைத்துச் செடிகளை நடுகின்றனர். பாக்டீரியாக்கள் பெருகுவதற்காகச் சிறிதளவு மீன் உணவைத் தூவி, வடிகட்டியை இயக்கிவிட்டு, இறால் இல்லாத தொட்டியைப் பொறுமையுடன் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று தெரிந்த பிறகே இறால்களை வாங்குகின்றனர்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது செர்ரி இறால். இதன் தாயகம் சீனா, தைவான் முதலிய கிழக்காசியப் பகுதிகள். இயற்கையில் இது பழுப்பு நிறத்திலோ நிறமற்றோ காணப்படும். சிவப்புச் சாயல் கொண்டவற்றைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால்தான் இன்றைய செந்நிற இறால் கிடைத்தது. 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வளரும் இது, ஓரிரு ஆண்டுகள் உயிர் வாழும்.

இதற்கு 20 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி போதுமானது. குஞ்சுகளை உறிஞ்சிவிடாத பஞ்சு வடிகட்டியும், ஒளிந்துகொள்ளவும் மேயவும் உதவும் ஜாவா பாசியும் அதில் இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமிகளைக் கட்டுப்படுத்தக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. மனிதர்களுக்குப் பாதுகாப்பான அந்நீர் இறாலுக்கு ஆபத்தானது. குளோரின் கலந்த நீரைத் திறந்து வைத்தால் ஓரிரு நாளில் குளோரின் வெளியேறிவிடும். குளோரமின் அவ்வளவு எளிதில் அகலாது. ஆகையால், மீன் கடைகளில் விற்கப்படும் நீர் பதப்படுத்தும் மருந்தைக் கலந்த பின்னரே அந்நீரைப் பயன்படுத்த வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்துகளும் இறாலைக் கொன்றுவிடும்.

நம் நாட்டு வெப்பத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். செர்ரி இறாலுக்கு 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை உகந்தது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்துள்ள உயிர்வாயு குறையும். எனவே, அடுக்குமாடி வீடுகளில் வெயில் படும் சன்னலோரத்தைத் தவிர்க்க வேண்டும். நீர்ப்பரப்பின்மீது சிறிய மின்விசிறியால் காற்று வீசச் செய்தால் வெப்பநிலை ஓரிரு டிகிரி குறையும்.

இறால்கள் பெரும்பாலும் பாசியையும் இலைகளின்மீது படியும் நுண்ணுயிர்ப் படலத்தையும் மேய்ந்தே வாழ்கின்றன. வாரத்தில் சில நாள்கள் சிறிதளவு உணவோ வேகவைத்த கீரைத் துண்டோ கொடுத்தால் போதும். உண்ணாமல் எஞ்சியதைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு’ என்பது இங்கு அப்படியே உண்மை. மிஞ்சிய உணவு அழுகி அம்மோனியாவாகிறது.

ஒரு நாள் தொட்டியின் அடியில் அசைவற்ற, கண்ணாடி போன்ற இறால் உருவம் ஒன்று கிடக்கலாம். அதைக் கண்டதும் இறால் இறந்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. இறாலின் ஓடு அதன் உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆகவே, பாம்பு சட்டை உரிப்பதுபோல் இறாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றிவிடுகிறது. புதிய ஓடு கெட்டியாகும்வரை அது பாசிக்குள் மறைந்திருக்கும். கழன்ற ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் இறால்கள் அதனைத் தின்னும். அதை எடுத்துவிடக் கூடாது. நீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலோ, ஒரே நேரத்தில் பெருமளவு நீரை மாற்றினாலோ, ஓடு சரியாகக் கழலாமல் இறால் இறக்க நேரிடும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பானது.

நீர் நிலையாக இருந்தால், இனப்பெருக்கம் தானாகவே நடைபெறும். பெண் இறால் ஆணைவிடப் பெரியது. அதன் நிறமும் அடர்ந்தது. அதன் தலைக்குப் பின்னால், முதுகில் சேணம் வைத்தாற்போல் ஒரு மஞ்சள் திட்டு தெரியும். அது சூலகத்தில் வளரும் முட்டைகள். பெண் இறால் ஓட்டைக் கழற்றியவுடன் நீரில் ஒருவகை வேதிப்பொருளை வெளியிடும். அதை உணர்ந்த ஆண் இறால்கள் அதனைத் தேடி அங்குமிங்கும் வேகமாக நீந்தும். இணைசேர்ந்த பின் 20 முதல் 30 முட்டைகள் வயிற்றடியில் உள்ள நீச்சல் கால்களோடு ஒட்டிக்கொள்ளும். தாய் அக்கால்களை ஓயாமல் அசைத்து, முட்டைகளுக்குப் புதுநீர் கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் 2 மில்லிமீட்டர் அளவுள்ள குஞ்சுகள், பெரிய இறாலின் முழு வடிவத்துடனேயே வெளிவரும்.

எல்லா இறால்களும் இப்படி எளிதில் பெருகுவதில்லை. தொட்டியில் படியும் பாசியைத் தின்பதற்காக ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் தக்காஷி அமானோ பிரபலமாக்கிய அமானோ இறால் அதற்கு எடுத்துக்காட்டு. அதன் இளம் உயிரிகள் வளர உப்புநீர் தேவை. ஆகவே, நன்னீர்த் தொட்டியில் அவை பிழைப்பதில்லை.

செர்ரி இறால்களோ, பத்தாகத் தொடங்கி ஓராண்டுக்குள் நூறைத் தாண்டிவிடக்கூடும். அப்போது மிகுந்தவற்றைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது இரக்கச் செயலாகத் தோன்றலாம். ஆனால், அவை அங்குள்ள உயிரினங்களின் உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாக மாறக்கூடும். ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெதுவெதுப்பான நீர் கலக்கும் ஓர் ஓடையில் செர்ரி இறால் பெருகி வாழ்வதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். சிங்கப்பூரில் அனுமதியின்றி விலங்குகளை இயற்கைச் சூழலில் விடுவது குற்றமாகும். மிகுந்தவற்றை நண்பர்களுக்கோ கடைக்காரருக்கோ கொடுப்பதே முறை.

ஆற்றில் வாழும் இறால், நீர் கெட்டால் வேறிடம் தேடிச் செல்லும். தொட்டியில் வாழும் இறாலுக்கு அந்த வழி இல்லை. அது குடிக்கும், சுவாசிக்கும், குஞ்சு பொரிக்கும் நீர் முழுவதும் ஒருவரது கவனத்தை நம்பியே இருக்கிறது. எனவே, இறால் வளர்க்க விரும்புபவர் முதலில் நீரை வளர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இறாலின்றி வெறுமையாகத் தெரியும் அந்த முதல் ஆறு வாரங்களில்தான் வளர்ப்பு தொடங்குகிறது.